பத்தொன்பதாவது மரம்

மாத்தளை மாவட்டத்தில் ஜேர்மன் பாஷை தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான் என்று நாற்பத்துமூன்று வருஷமாகச் சொல்லி வந்தேன். அதில் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் யார் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

என் பெயர் அழகையா. வயது எழுபத்துநாலு. பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெரிய றோட்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வழிகாட்டி. சீகிரியாவைப் பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரர்களை டிரைவர்மார் வழியில் எங்களிடம் இறக்கி விடுவார்கள். கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் என்று பத்தொன்பது மரஞ்செடிகளைக் காட்டிக்கொண்டே நடந்து, கடைசியில் எண்ணெய் விற்கும் கடை வாசலில் கொண்டுபோய் விடுவது எங்கள் தொழில்.

ஒவ்வொரு வழிகாட்டிக்கும் ஒரு பாஷை உண்டு. பதுர்தீன் நானாவுக்குப் பிரெஞ்சு. ரமேஸுக்கு இத்தாலியன். எனக்கு ஜேர்மன். பாஷை என்றால் முழுப் பாஷை என்று நினைத்துவிடக் கூடாது. மரத்துக்கு ஒரு பாடம், எல்லாம் மனப்பாடம். ரமேஸிடம் ஒரு இத்தாலியக் கிழவி கக்கூஸ் எங்கே என்று கேட்டபோது அவன் ஏலக்காயின் மருத்துவக் குணங்களை முழுதாகச் சொல்லி முடித்தான். அந்த அம்மா பொறுமைசாலி.

என் பாடம் அப்படிப்பட்டதல்ல. நான் கறுவாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மரம் தன் பட்டையைத் தானே தளர்த்திக் கொடுக்கும். தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு சிறுத்தை வந்து கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சாதிக்காய்ப் பாடம் முழுவதையும் கேட்டது. வனிலா வந்ததும் எழுந்து போய்விட்டது. வனிலா எல்லாருக்கும் பிடிப்பதில்லை.

ஜேர்மன்காரர்கள் நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. ஆனால் ஒருவர்கூட நடுவில் விலகிப் போனதில்லை. பத்தொன்பது மரத்தையும் கேட்டுவிட்டு, எண்ணெயும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். எப்போதாவது வேறு மாதிரி ஒரு கூட்டம் வரும். முதல் மரத்திலேயே கூச்சலிட்டு என்னைக் கட்டிப் பிடிப்பார்கள். ஒரு அம்மா என் கன்னத்தில் முத்தமும் கொடுத்திருக்கிறார். ஜேர்மனியிலும் எங்கள் மாத்தளையைப்போல ஒரு நல்ல மாவட்டம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பாஷை எனக்கு வந்தது எண்பத்திரண்டாம் வருஷம். மழைக்காலம். ஒரு வெள்ளைக்காரன், தென்னை மரத்தில் பாதி உயரம், நின்றுபோன மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் வந்தான். நனைந்து தொப்பலாகியிருந்தும் அவன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. இதைப் பார்த்த எங்கள் முதலாளி, இப்படித் தள்ளுகிறவன் ஜேர்மன்காரன்தான் என்றார். முதலாளி சொன்ன பிறகு அவனிடமே போய், நீ எந்த நாடு என்று கேட்பது மரியாதையில்லை. அதனால் யாரும் கேட்கவில்லை.

சைக்கிளுக்குப் பாகம் கொழும்பிலிருந்து வரப் பதினொரு நாள் ஆனது. பதினொரு நாளும் அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒரு வேளைக்குப் பதினேழு ரொட்டி சாப்பிடுவான். போக மூன்று நாள் இருக்கும்போது நீட்டிய காசை நான் வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவன் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வாங்கி வந்து, மரம் மரமாக என்னோடு நடந்து, ஒவ்வொன்றுக்கும் தன் பாஷையில் ஒரு பாடம் எழுதினான். நான் அதன் சத்தத்தைத் தமிழ் எழுத்தில் கீழே எழுதிக்கொண்டேன். கடைசி மரம் சந்தனம். அங்கே வந்ததும் மரத்தையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், நெடுநேரம் பேனையைக் கடித்தான், பிறகு மளமளவென்று எழுதினான். மற்றப் பாடங்களை அரை மணியில் சொல்லித் தந்தவன், சந்தனத்தை மட்டும் இரண்டு நாள் சொல்ல வைத்தான். சந்தனம் கஷ்டமான மரம் என்று நினைத்தேன்.

என் மகன் துஷாந்த் பலாபத்வலைச் சந்தியில் ஆட்டோ ஓடுகிறான். அவனுடைய மகள் விதுஷா. மருமகள் எங்கள் தோட்டத்தில்தான் மிளகு உதிர்க்கும் வேலை பார்த்தாள், குழந்தையைக் கொக்கோ மரக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டிப் போட்டிருப்பாள். ஆகவே விதுஷா பிறந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தரம் பத்தொன்பது பாடங்களையும் கேட்டு வளர்ந்தாள். அவள் முதலில் பேசியது கராம்புப் பாடத்தின் முதல் வரி. மருமகள் இதை மறுப்பாள். அன்று அவள் பக்கத்தில் இல்லை.

அந்த விதுஷாவுக்குப் போன வருஷம் பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், கிடைத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கம்பஸுக்குப் போகிற முதல் பிள்ளை. கடிதம் வந்த அன்று துஷாந்த் ஆட்டோவில் ஏறிய எல்லாரிடமும் அதை வாசிக்கக் கொடுத்தான். கண் தெரியாத ஒரு ஐயாவுக்குத் தானே வாசித்துக் காட்டினான்.

சிக்கல் இரண்டாவது கடிதத்தில் வந்தது. கலைப் பிரிவில் சேருகிறவர்கள் விரும்பினால் ஒரு வெளிநாட்டு மொழியைப் பாடமாக எடுக்கலாம். சீனம், ஜப்பான், கொரியா, பிரெஞ்சு, ஜேர்மன். ஒன்றுதான் எடுக்கலாம். நேர்முகத் தேர்வு உண்டு.

துஷாந்துக்குச் சந்தேகமே இல்லை. கடிதம் வந்த மறுநாளே ஆட்டோவின் பின்கண்ணாடியில் கொரியாக் கொடி ஒட்டிவிட்டான்.

"அப்பா, நாவுலைக்குப் போய்ப் பாருங்க. கொரியாவுக்கு வேலைக்குப் போன மூணு பேரும் மாடி வீடு கட்டிட்டாங்க. ஜேர்மன் தெரிஞ்சவன் கட்டின வீடு எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

"நீ உக்காந்திருக்கிறியே, இதுதான்" என்றேன்.

அவன் கூரையைப் பார்த்தான். கூரையிலிருந்து ஒரு சொட்டு, கீழே வைத்திருந்த பேசினில் விழுந்தது. சில நேரம் வீடுகூட எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொள்ளும்.

விதுஷா அதுவரை படிவத்தை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஜேர்மன்" என்றாள். "எழுதிட்டேன்."

துஷாந்த் படிவத்தை வாங்கிப் பார்த்தான். இந்த மொழி ஏற்கெனவே தெரியுமா என்ற கேள்விக்கு, ஆம், குடும்பத்தில் பேசப்படும் மொழி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். படிவத்தின் அடியில், பொய்யான விவரம் தந்தால் விண்ணப்பம் தள்ளப்படும் என்று அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அதில் என்ன பொய் இருக்கிறது?

கடைசியில் அப்பனும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஜேர்மனுக்குப் பதினைந்து இடம்தான், அறுபத்திரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தேர்வு நடக்கும் அன்று பின்னேரமே பெயர்ப் பட்டியல் போடுவார்கள். நாலு மணி வரைக்கும் கொரிய மொழிக்குப் பெயர் பதியலாம், பதிந்தால் ஜேர்மன் விண்ணப்பம் போய்விடும். ஜேர்மன் கிடைக்காவிட்டால் நாலு மணிக்குள் கொரிய அறைக்குப் போக வேண்டும். கூட்டிப் போவது நான். முத்துமாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அடுத்த நாள் வேலையில் பதுர்தீன் நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்கு ஒரு வயது மூத்தவர், நாற்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் பாஷை பேசுகிறோம்.

"அழகையா, பிள்ளை உங்கட ஜேர்மனை நம்பிப் போகுது. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நீங்க பேசினா அவங்க சிரிக்கிறாங்க. என்ட பிரெஞ்சைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சிரிச்சதில்ல."

"உங்க பிரெஞ்சுல உள்ள குறையே அதுதான், நானா" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, பிள்ளைக்காக அல்லாவிடம் துஆ கேட்கிறேன் என்று போய்விட்டார். அன்று இரண்டு பிரெஞ்சுக் கூட்டத்துக்கும் அவர் முகத்தைக் கோணலாக்கிப் பேசிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்குக் கொழும்புப் பக்கம் இருக்கும் கம்பஸுக்கு நானும் விதுஷாவும் விடிய முதல் பஸ்ஸில் போனோம். நான் வெள்ளைச் சாரம் கட்டி, மேலே கோட்டுப் போட்டிருந்தேன். வழி முழுவதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். கடுகண்ணாவை இறக்கத்தில் மிளகு, கேகாலையில் கொக்கோ. வறக்காப்பொலை வந்தபோது அவள் சந்தனத்தில் இருந்தாள்.

நேர்முக அறை முதல் மாடியில். உள்ளே விசிறி பழுதானதால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் சிங்கள மெடம், அந்தப் பிரிவின் தலைவி. மற்றவர் வெள்ளைத் தலைமுடிக்கார ஜேர்மன் அம்மா, அங்கே பாடம் நடத்த வந்திருப்பவர்.

மெடம் படிவத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். "குடும்பத்தில் பேசப்படும் மொழியா? யார் பேசுறது?"

"எங்க தாத்தா, மெடம்."

"ஜேர்மனியில இருந்தவரா?"

"இல்ல மெடம். பலாபத்வலையில."

ஏதாவது பேசிக் காட்டச் சொன்னார். விதுஷா கறுவாவைத் தொடங்கினாள். நான் சொல்வதில் ஒரு மூச்சுக்கூட விடாமல், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் குரலை உயர்த்துகிற இடத்தில் உயர்த்தி. வாங்கில் இருந்த மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அப்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜேர்மன் அம்மாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்கு நாற்பத்துமூன்று வருஷமாகத் தெரியும்.

சிரித்து முடித்து அவர் மெடத்திடம் ஏதோ சொன்னார். மெடத்தின் குரல் மெதுவாக வந்தது.

"மகள், இது ஜேர்மன் இல்ல. இது டச்சு. ஒல்லாந்தருடைய பாஷை. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிதான், ஆனா இது அது இல்ல."

நான் உட்கார்ந்திருந்த வாங்கு இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கவனித்தார்களோ தெரியாது.

 மெடம் வெளியே எட்டிப் பார்த்து, ஐயா, நீங்கதானா அந்தத் தாத்தா, உள்ளே வாங்க என்றார்.

போனேன். மேசையில் படிவம் கிடந்தது. மெடத்தின் சிவப்புப் பேனை, "ஆம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. விதுஷா உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். இந்த வாயால் ஆயிரம் கதை சொல்லியிருக்கிறேன். சிறுத்தைக் கதையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அவள் நம்பிக் கையெழுத்து வைத்தது இந்த ஒன்றைத்தான். அதுவோ, உண்மை என்று நினைத்து நான் சொன்ன ஒரே கதை.

மோட்டார் சைக்கிள், மழை, முதலாளி, பதினொரு நாள், கொப்பி எல்லாவற்றையும் மெடத்திடம் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை. பொய் சொன்னது பிள்ளை இல்லை, வாங்கி வந்த சாமானின் பெயரைச் சரிபார்க்காதது நான் என்றேன். மெடம் அதை ஜேர்மன் அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மா தான் ஒல்லாந்து எல்லையை ஒட்டிய ஊர்க்காரி என்றும், சின்ன வயதிலிருந்தே டச்சு விளங்கும் என்றும் சொல்லிவிட்டு, எத்தனை பாடம் இருக்கிறது என்று கேட்டார். பத்தொன்பது என்றேன். கடைசிப் பாடத்தைச் சொல்லிக் காட்ட முடியுமா என்றார்.

மரத்தில் கை வைக்காமல் எனக்குப் பாடம் வராது. சுவரோரம் ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சந்தனத்தைச் சொன்னேன்.

முதல் இரண்டு வரிக்கு அந்த அம்மா சிரித்தார். மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாக மெடத்துக்குச் சொல்ல, மெடம் எங்களுக்குச் சொன்னார்.

"இதில் சந்தனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, ஐயா. இப்படி இருக்கு: 'இந்த மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மரத்தில் கை வைத்திருக்கிற மனிதரைப் பற்றித் தெரியும். இவர் வீட்டில் பதினொரு நாள் இருந்தேன். வேளைக்கு நாலு ரொட்டி சாப்பிட்டேன். இவர் ஒரு சதமும் வாங்கவில்லை. இவர் சொல்லும் கதைகள் எதையும் நம்ப வேண்டாம். ஆளை நம்பலாம். ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.'"

 ஒரு நாளைக்கு ஆறு தரம், நாற்பத்துமூன்று வருஷம். யுத்தகாலத்தையும் கொரோனாவையும் கழித்தாலும், உலகத்தில் இத்தனை தரம் நின்ற இடத்தில் தன்னைத்தானே புகழ்ந்துகொண்ட இன்னொரு மனிதன் இருக்க மாட்டான். தற்பெருமை எனக்குப் பிடிக்காத குணம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

விதுஷாதான் முதலில் திரும்பினாள்.

"நாலு ரொட்டியா? பதினேழுன்னீங்க?"

"அவனுக்கு எண்ணத் தெரியாது, பிள்ளை."

அவள் உதடு ஒரு பக்கமாக நெளிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெடம் படிவத்தைக் கையில் எடுத்தார். நல்ல மனுஷி, ஆனால் படிவம் படிவம்தான். இதில் தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, இப்போது என்ன செய்வது என்று கேட்டார்.

"அதை வெட்டிருங்க, மெடம்" என்றாள் விதுஷா. "எனக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாதவங்க வரிசையில நிக்கிறேன்."

"அப்ப உனக்கு எதுக்கு ஜேர்மன்? தாத்தாவோட பாஷைன்னுதானே வந்தே? அது இப்ப இல்லைன்னு ஆகிருச்சே. இங்க டச்சு படிப்பிக்கிறதும் இல்ல."

விதுஷா என்னைப் பார்க்கவில்லை. பேசியது சிங்களத்தில்தான். என் காதில் விழுந்தபடி சொல்கிறேன்.

"எங்க தாத்தா நாப்பத்துமூணு வருஷமா ஜேர்மன்காரங்ககிட்ட வேற பாஷையில பேசியிருக்காரு, மெடம். அவங்களுக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனா ஒருத்தரும் நடுவுல போகல. நீ பேசுறது தப்புன்னு ஒருத்தரும் அவரை வெக்கப்படுத்தல. வெயில்ல நின்னு பத்தொன்பது மரத்தையும் கேட்டுட்டுத்தான் போயிருக்காங்க. அவங்க திருப்பி என்ன சொல்ல நினைச்சாங்கன்னு எங்க வீட்டுல ஒருத்தராவது கேக்க வேணாமா?"

மெடம் அதை ஜேர்மன் அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மா சிவப்புப் பேனையை எடுத்து, "ஆம்" என்றதைத் தானே வெட்டி, "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் விதுஷாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பட்டியல் பின்னேரம் வரும், போய் இருங்கள் என்று மெடம் சொன்னார். அவ்வளவுதான். கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்குப் போடுவதாகச் சொன்ன பட்டியல் மூன்றரைக்கும் வரவில்லை. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் பிள்ளைகள் திரண்டு நின்றார்கள். மூன்றே முக்காலுக்குத் துஷாந்த் போனில் கூப்பிட்டான். சத்தியத்தை ஞாபகப்படுத்தினான். சத்தியம் எனக்கு ஞாபகம் இருந்தது. கொரிய அறைக்குக் கூட்டிப் போவதாகத்தான் சொல்லியிருந்தேன், எந்த வழியாக என்று சொல்லவில்லை.

எழுந்து நடக்கத் தொடங்கினேன். முதலில் கன்டீன் பக்கம். அங்கிருந்து நூலகத்தைச் சுற்றி. அங்கிருந்து சைக்கிள் நிறுத்தும் இடம்.

"தாத்தா, கொரிய அறை அந்தப் பக்கம்."

"மூட்டுவலி, பிள்ளை. சுத்தித்தான் நடக்க முடியும்."

"மூட்டுவலிக்கு எண்ணெய் விக்கிறவரே நீங்கதான்."

"அதனாலதான் சொல்றேன். அதை நம்பாதே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பின் வாரை அவிழ்த்துக் கட்டினாள். நல்ல வார். அதைக் கட்ட அவளுக்கு மூன்று நிமிஷம் பிடித்தது. ஆனால் கட்டும்போதே அவள் இரண்டு தரம் மணி பார்த்ததையும் நான் கவனித்தேன். ஜேர்மனும் இல்லாமல், கொரியாவும் இல்லாமல் வீட்டுக்குப் போனால் அப்பன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்கும் தெரியும்.

நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது கொரிய அறை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். சத்தியம் நிறைவேறியது. அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். அதே நேரம் பலகைப் பக்கம் ஒரு கூச்சல். அவள் ஓடினாள். நானும் ஓடினேன். என் மூட்டுவலியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் என்னிடம் விசாரித்ததே இல்லை.

பதினைந்து பெயர். விதுஷா பதினாலாவது. ஆங்கில எழுத்து வரிசைப்படி போட்டிருந்தார்கள், ஆகையால் பதினாலு என்பது குறைச்சல் இல்லை. அவள் அந்தத் தாளில் தன் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கையை எடுத்துவிட்டு, "வாங்க தாத்தா, டீ குடிப்போம்" என்றாள். பெரிய மனுஷி மாதிரி தானே காசு கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. அந்தத் தேத்தண்ணீரில் சீனி போட மறந்திருந்தார்கள். இனித்தது.

பலாபத்வலையில் இறங்கியபோது துஷாந்த் சந்தியில் நின்றான். போனில் சொல்லியிருந்தோம். எங்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, நகத்தால் கொரியாக் கொடியைச் சுரண்டத் தொடங்கினான். பாதி வந்தது. மீதி வரவில்லை. அடுத்த வாரம் மிச்சப் பாதிக்கு மேல் ஜேர்மன் கொடி ஒட்டினான். அந்த ஆட்டோவைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்காரர்கள் அது எந்த நாடு என்று இப்போதும் கேட்கிறார்கள். "என் மகள் படிக்கிற நாடு" என்கிறானாம்.

பதுர்தீன் நானாவிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் நெடுநேரம் சிரிக்காமல் இருந்து பார்த்தார், முடியவில்லை.

"அப்ப இத்தன வருஷமும் நீங்க ஜேர்மன் பேசவே இல்ல?"

"நானா, ஜேர்மன்காரங்களுக்கு டச்சுல விளங்கவெச்சு எண்ணெயும் வித்திருக்கிறேன். இதைச் செஞ்ச இன்னொரு ஆளைக் காட்டுங்க."

அவரிடம் இன்னும் ஒன்று சொன்னேன். ஒல்லாந்தர் கறுவாவுக்காகக் கப்பலேறி வந்தவர்கள். கரையோரமெல்லாம் பிடித்தார்கள், மாத்தளையைப் பிடித்து வைத்திருக்க அவர்களால் முடியவில்லை. அவர்கள் நிலைக்க முடியாத ஊருக்கு அவர்கள் பாஷையை நான் தனியாளாகக் கொண்டுவந்து, அவர்களுக்கே கறுவாவை விளக்கியிருக்கிறேன். முத்தம் கொடுத்த அந்த அம்மா எந்த மாவட்டம் என்பதும் இப்போது விளங்கிவிட்டது. பதுர்தீன் நானா தன் பிரெஞ்சு உண்மையிலேயே பிரெஞ்சுதானா என்று அன்றிலிருந்து கவலைப்படுகிறார். போகிற வருகிறவரிடமெல்லாம் விசாரிக்கிறார்.

எனக்குத்தான் ஒரு கஷ்டம் வந்தது. அர்த்தம் தெரிந்த பிறகு சந்தனத்தில் கை வைத்தால் நாக்கு எழும்பவில்லை. எழுபத்துநாலு வயதில் முதல் தரமாக வெட்கம். ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன். அந்தக் கிழமை வந்தவர்கள் யாரும் எண்ணெய்க் கடைப் பக்கம் சரியாகத் திரும்பவில்லை. முதலாளியின் மகன் என்னைப் பார்த்த பார்வையில், அடக்கம் தொழிலுக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டேன். மறுபடி சொல்லத் தொடங்கினேன். இப்போது முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன். கதைகளை நம்ப வேண்டாம் என்ற வரியை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுவேன்.

விதுஷா கம்பஸுக்குப் போய் எட்டு மாதம். போன மாதம் அவளிடமிருந்து போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "தாத்தா, இது அசல் ஜேர்மன், நானே எழுதினது, மெடம் திருத்திட்டாங்க. மிளகைப் பத்தின பாடம். பாடமாக்கிச் சொல்லுங்க." ஆறு வரி. மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் நின்று மூன்று நாளில் பாடமாக்கினேன். மிளகு சுலபமான செடி, இதற்கு ஏன் மூன்று நாள் ஆயிற்று என்று யோசித்திருக்க வேண்டும்.

முந்தாநாள் ஒரு ஜேர்மன் கூட்டம் வந்தது. கறுவாவுக்குச் சிரித்தார்கள். கராம்புக்குச் சிரித்தார்கள். மிளகுக் கொடியில் கை வைத்து, புதுப் பாடத்தைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றினார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பேத்தி இப்போது எந்த வருஷம் படிக்கிறாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

முதல் வருஷம் என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தடுத்து, "பெப்பர், மெடம், பெப்பர்" என்று கொடியைக் காட்டினேன்.

அந்த ஆறு வரியில் என்ன இருக்கிறது என்று விதுஷாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி வெட்கம் வந்துவிடும், வேலை கெட்டுவிடும். அவள் மிளகு என்றால் மிளகுதான். ஒரு நாளைக்கு ஆறு தரம் சொல்கிறேன்.